எட்டாவது கட்டம்: இராணுவ உபரிப் பொருளும் தகவல் பாதுகாப்பும் பற்றிய ஆய்வைத் தொடங்குபவருக்கு

குன்னூர் மார்க்கெட்டிலிருந்து கீழே இறங்கும் படிகளை ஒட்டிய ஒரு பழைய இரும்புக் கடையில், நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளுறுப்புகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். செம்புக் கம்பிச் சுருள் ஒரு சாக்கிலும் பிளாஸ்டிக் இன்னொரு சாக்கிலும் போய்க்கொண்டிருந்தபோது, உள்ளங்கை அளவுள்ள ஒரு ஹார்ட் டிஸ்க் வெளியே வந்தது. அதற்கு என்ன விலை என்று கேட்டேன். "தனி விலை கிடையாதுங்க, அலுமினியக் கணக்குல போயிரும்" என்றார் கடைக்காரர். எந்த அலுவலகத்துச் சாமான் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நமக்குத் தெரியாதுங்க, லாட்டுல வந்தது" என்று பதில் வந்தது. லாட் என்பது ஏலத்தில் ஒன்றாகச் சேர்த்து விற்கப்படும் பொருள் தொகுதி. அந்த இயந்திரம் ஒரு பள்ளியிலிருந்து வந்திருக்கலாம், ஒரு வங்கியிலிருந்தோ ஒரு படைப்பிரிவின் எழுத்தர் அறையிலிருந்தோ வந்திருக்கலாம். அதில் நகலெடுக்கப்பட்ட காகிதங்களின் உருவங்கள் அந்தத் தட்டில் இன்னும் இருந்தனவா என்பதை அறிய எவருக்கும் வழியில்லை, அறிய வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை. இந்தத் துறைக்குள் நான் நுழைந்தது அந்தக் கடை வாசல் வழியாகத்தான்.

நீலகிரியில் வாழ்பவர்களுக்கு இராணுவ உபரிப் பொருள் புதிய செய்தி அன்று. வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் மையமும், 1947இல் குவெட்டாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரியும் இருக்கின்றன. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாக இயங்குகிறது. இராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட 'டிஸ்போசல் ஜீப்' என்றால் என்ன என்று இங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பயன்படாது என்று ஒதுக்கிவிட்டதைச் சொல்லும் 'கண்டம் பண்ணிட்டாங்க' என்ற பேச்சும் அவ்வாறே அலுவலகத்திலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்து பல காலம் ஆயிற்று. ஆயினும் அந்த ஜீப்புக்கும் இன்றைய கண்டப் பொருளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஜீப்பை விற்றால் இரும்பு மட்டும் கைமாறியது. இன்று விற்கப்படும் பொருள்கள் பலவற்றுக்குத் தகவலைச் சேமிக்கும் நினைவகம் இருக்கிறது. இதைப் பற்றிக் கொள்கை ஆய்வு செய்ய விரும்பும் மாணவருக்கும், பத்திரிகையாளருக்கும், ஓய்வுபெற்ற அலுவலருக்கும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிவதில்லை. நான் தட்டுத் தடுமாறிக் கற்ற வழியைக் கீழே எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

'இந்தியாவில் இணையப் பாதுகாப்பு' என்றோ 'இராணுவ உபரி மேலாண்மை' என்றோ தலைப்பு வைத்துக்கொண்டால் ஓராண்டு ஓடியபின்னும் முன்னுரையைத் தாண்ட மாட்டீர்கள். ஆயுதங்களையும் வெடிபொருள்களையும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அவற்றை அழிக்கும் முறை வேறு, அவை குறித்த ஆவணங்கள் உங்கள் கைக்கு எட்டப்போவதும் இல்லை. வாகனங்கள், கூடாரங்கள், மரச்சாமான்கள் ஆகியவற்றையும் தள்ளி வையுங்கள். மீதியில் நினைவகம் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கணினி, நகலெடுக்கும் இயந்திரம், பிரிண்டர், ரவுட்டர், ஜி.பி.எஸ். கருவி, கைரேகைக் கருவி, கண்காணிப்புக் கேமராவின் பதிவுப்பெட்டி. பிறகு கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். என்னுடைய கேள்வி இது: ஒரு கருவி வாயிற்கதவைத் தாண்டி ஏலம் எடுத்தவரின் லாரியில் ஏறும் முன்பு, அதன் நினைவகம் துடைக்கப்பட்டது என்று எந்தக் காகிதத்தில், யார் கையெழுத்திடுகிறார்?

இந்தக் கேள்வியில் இரகசியம் எதையும் நீங்கள் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். கருவிக்குள் என்ன இருந்தது என்பது உங்களுக்கு வேண்டாம். நடைமுறை என்ன என்பது மட்டுமே வேண்டும். ஆய்வு முழுவதும் உங்களைக் காப்பாற்றப்போவது இந்த வேறுபாடுதான்.

இரண்டாம் படி: விதிகளைப் படிவங்களிலிருந்து படியுங்கள்

புதிதாக வருபவர்கள் சட்டத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறார்கள். நான் படிவத்திலிருந்து மேல்நோக்கிப் போகச் சொல்வேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (ஜி.எஃப்.ஆர்.) 2017இல், 217ஆம் விதி ஒரு பொருளை உபரி, வழக்கொழிந்தது, பயன்படாதது என்று அறிவிப்பது பற்றியது. 218ஆம் விதி அதை எவ்வாறு அகற்றுவது என்பதைச் சொல்கிறது. எஞ்சிய மதிப்பு இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் என்று கணிக்கப்பட்டால், விளம்பரம் செய்த டெண்டர் அல்லது பொது ஏலம் வழியாகவே விற்க வேண்டும் என்பது 2017 பதிப்பின் நிலை. இவற்றுடன் இணைந்த படிவம் ஜி.எஃப்.ஆர். 10. அதை அச்சிட்டு மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஏழு கட்டங்கள் இருக்கின்றன. வரிசை எண், பொருளின் விவரம், எண்ணிக்கை அல்லது எடை, கணக்கு மதிப்பு அல்லது வாங்கிய விலை, நிலைமையும் வாங்கிய ஆண்டும், அகற்றும் முறை, குறிப்புகள். பொருளுக்கு எடை உண்டு, விலை உண்டு, வயது உண்டு. அதற்குள் நினைவகம் இருக்கிறதா, இருந்தால் துடைக்கப்பட்டதா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. பொறுப்பான ஓர் எழுத்தர் ஏழாவது கட்டமாகிய 'குறிப்புகளில்' அதை எழுதலாம். எழுதாவிட்டாலும் படிவம் முழுமையானதாகவே கருதப்படும். முப்படைகளுக்கும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளுக்கும் தமக்கென நடைமுறை ஆணைகள் உண்டு, அவற்றில் தகவல் பாதுகாப்புக்கு இடமும் உண்டு. ஆனால் அந்த ஆணைகள் ஒரு கோப்பில் இருக்கின்றன, பொருளை விற்கும் காகிதம் வேறொரு கோப்பில் இருக்கிறது. இந்த இரண்டு கோப்புகளும் ஒரே மேசையில் சந்திக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கு மேல் படிக்க வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, அதன் 70பி பிரிவின் கீழ் இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கையாளும் செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு, இணையத் தாக்குதல் நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லும் அதன் 2022 ஏப்ரல் 28 ஆணை, தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கை 2013, எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 ஆகியவை போதும். படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டதையும், அருவங்காடு ஆலை அவற்றில் முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் வந்ததையும் நினைவில் வையுங்கள். பழைய ஆணைகளைத் தேடும்போது எந்தப் பெயரில் தேடுவது என்ற குழப்பம் இதனால் தீரும்.

மூன்றாம் படி: நடந்தவற்றைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தத் துறையில் வதந்திக்குப் பஞ்சமில்லை. எனவே பதிவுபெற்ற சில நிகழ்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது என்று பாருங்கள்.

ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினிப் பாதுகாப்பு ஆர்வலர் சங்கத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அமெரிக்கப் படைகள் பயன்படுத்திய கைரேகை, கருவிழிப் பதிவுக் கருவிகள் சிலவற்றை ஈபே தளத்தில் வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான மத்தியாஸ் மார்க்ஸ் 68 டாலருக்கு வாங்கிய ஒரு சீக்-2 கருவியின் நினைவக அட்டையில் 2,632 பேரின் பெயர், படம், கைரேகை, கண் பதிவுகள் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) எதுவுமின்றி இருந்தன. அவர்களில் பெரும்பாலானோர் ஆப்கானியர்களும் ஈராக்கியர்களும். அந்தக் கருவி கடைசியாக 2012இல் காந்தகார் அருகே பயன்பட்டது. விவரம் வெளிவந்தது 2022 டிசம்பரில். இத்தகைய கருவிகளைப் பயன்பாடு முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் இருக்கத்தான் செய்தது. பத்தாண்டுகள் கழித்தும் அந்தப் பெயர்கள் அட்டையில் இருந்தன என்பதையும், 2021இல் தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 68 டாலருக்கு உண்மையில் என்ன விலை கொடுக்கப்பட்டிருக்கக்கூடும் என்பது விளங்கும்.

2020இல் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு நிறுவனமான ஜி டேட்டாவைச் சேர்ந்தவர்கள் 90 யூரோவுக்கு வாங்கிய ஒரு பழைய இராணுவ மடிக்கணினியில், குறுந்தொலைவு வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு ஒன்றின் கையேடு அப்படியே இருந்தது. இங்கே விற்ற கைகளில் வஞ்சகம் எதுவும் இல்லை; கணினியை மறுசுழற்சிக்கு அனுப்பியவர்கள் அதைக் கணினியாகப் பார்க்காமல் கழிவாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது நிகழ்வு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் 1997 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் 1033ஆம் பிரிவின்படி இராணுவ உபரிப் பொருள்கள் காவல் துறைகளுக்கு வழங்கப்படுகின்றன. 2017இல் அந்நாட்டின் அரசுத் தணிக்கை அலுவலகம், இல்லாத ஒரு கூட்டாட்சி அமைப்பின் பெயரில் விண்ணப்பித்துப் பார்த்தது. இரவுப் பார்வைக் கண்ணாடி உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள், சுமார் 12 லட்சம் டாலர் மதிப்பில், அந்தக் கற்பனை அலுவலகத்துக்குக் கிடைத்தன. பெரும்பகுதி வேலை மின்னஞ்சலிலேயே முடிந்தது. நேரில் போய்ப் பார்த்தவர் யாருமில்லை. உபரிப் பொருள் ஆய்வும் இணையப் பாதுகாப்பு ஆய்வும் ஒரே ஆய்வுதான் என்று யாருக்காவது புரியவைக்க வேண்டுமானால் நான் முதலில் சொல்வது இந்த நிகழ்வைத்தான். பொருள் பூட்டிய கிடங்கில் இருந்தது. ஏமாற்று இணையம் வழியாக நடந்தது.

நம் நாட்டில் படிக்க வேண்டியது இராணுவத்தைச் சேராத ஒன்று. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 கதிர்வீச்சால் ஒருவர் இறந்தார், சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படுத்தாமல் கிடந்த ஓர் ஆய்வுக் கருவி, அந்த ஆண்டு பிப்ரவரியில் ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டிருந்தது. குழு கூடியது, கையெழுத்து விழுந்தது, ஏலம் முறைப்படி நடந்தது. விற்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் எந்தக் காகிதத்திலும் எழவில்லை. கதிரியக்கம் இருந்த இடத்தில் தகவலை வைத்துப் பாருங்கள்.

நான்காம் படி: அழிப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

கணினிப் பொறியாளர் ஆகத் தேவையில்லை. ஆனால் 'டெலீட்' செய்வதும் 'ஃபார்மட்' செய்வதும் தகவலை அழிப்பதில்லை, பெரும்பாலும் அதன் முகவரியை மட்டுமே நீக்குகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலத்தும் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் வாங்கிய 158 பழைய ஹார்ட் டிஸ்குகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. பிரித்துப் போட்ட இயந்திரத்தைப் பார்த்து அன்று நான் திகைத்ததற்குக் காரணம் இந்த எண்ணிக்கையை முன்பே படித்திருந்ததுதான்.

அமெரிக்கத் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யின் 800-88 வழிகாட்டி இதனை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. துடைத்தல் என்பது சாதாரண மென்பொருளால் மீட்க முடியாதபடி மேலெழுதுவது. களைதல் என்பது ஆய்வகக் கருவிகளாலும் மீட்க முடியாதபடி செய்வது. அழித்தல் என்பது ஊடகத்தையே பொடியாக்குவது அல்லது உருக்குவது. பழைய காந்தத் தட்டுக்கு மேலெழுதுதல் பெரும்பாலும் போதும். எஸ்.எஸ்.டி. போன்ற புதிய நினைவகங்கள் தம் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக எழுத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலெழுதினாலும் சில மூலைகள் தப்பிவிடும். ஆகவே 'மூன்று முறை மேலெழுதப்பட்டது' என்ற ஒரு சான்றிதழைப் பார்த்தால், எந்த வகைத் தட்டு என்று கேளுங்கள். ரவுட்டரை மறக்க வேண்டாம்: 2023இல் ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்த 16 பழைய ரவுட்டர்களில் 9, முந்தைய உரிமையாளரின் வலையமைப்பு விவரங்களைச் சுமந்துகொண்டிருந்தன. பூட்டை விற்பவர் சாவியையும் அதிலேயே தொங்கவிட்டு விற்பது போன்றது இது.

ஐந்தாம் படி: ஆவணம் சேர்த்தல்

இதற்கு மூன்று ஊற்றுகள் உண்டு. முதலாவது, மின்னணு ஏலப் பட்டியல்கள். மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் பாதுகாப்புத் துறையின் கண்டப் பொருள்களை நெடுங்காலமாக ஏலத்தில் விடுகிறது. விராட் என்ற விமானந்தாங்கிக் கப்பலே 2020இல் அதன் ஏலத்தில்தான் 38.54 கோடி ரூபாய்க்குப் போயிற்று. பட்டியலைத் திறந்தால் லாட் எண், அளவு, இருக்குமிடம், பார்வையிடும் நாள், முன்வைப்புத் தொகை, 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்' என்ற நிபந்தனை ஆகியவை இருக்கும். ஆறு மாதத்துப் பட்டியல்களை எடுத்து, நினைவகம் உள்ள பொருள்கள் எத்தனை லாட்டுகளில் வருகின்றன, ஹார்ட் டிஸ்க் நீக்கப்பட்டது என்ற குறிப்பு எத்தனையில் இருக்கிறது என்று உங்கள் கையாலேயே எண்ணி அட்டவணையில் ஏற்றுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் வேறு யாரிடமும் இல்லாத ஓர் எண்ணிக்கை உங்களிடம் இருக்கும். கொள்கை வகுப்பவர் உங்களைப் பொருட்படுத்தப்போவது அதற்காக மட்டுமே.

இரண்டாவது, தணிக்கைத் துறைத் தலைவரின் பாதுகாப்புத் துறை அறிக்கைகளும், நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கைகளும், நாடாளுமன்றக் கேள்வி-பதில்களும். இவை அனைத்தும் பொதுவெளியில் இருப்பவை.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. என் முதல் விண்ணப்பத்தில் 'கடந்த பத்து ஆண்டுகளில் அகற்றப்பட்ட மின்னணுக் கருவிகள் அனைத்தின் விவரம்' என்று கேட்டேன். 8(1)(அ) பிரிவைக் காட்டி, நாட்டின் பாதுகாப்பு என்ற காரணத்தால் மறுத்துவிட்டார்கள். அப்போது கோபம் வந்தது. இப்போது எண்ணிப் பார்த்தால் தவறு என்னுடையதே. கருவிகளின் முழுப் பட்டியல் ஒரு பிரிவின் வலிமையையும் காட்டிவிடும் அல்லவா? இரண்டாம் முறை இப்படிக் கேட்டேன்: 'பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட கருவிகளின் நினைவகத்தை ஏலத்துக்கு முன் அகற்றுவது அல்லது துடைப்பது குறித்து வழங்கப்பட்ட பொதுவான அறிவுறுத்தல் ஏதும் உள்ளதா? உள்ளதெனில், வெளியிடத் தகாத பகுதிகளை 10ஆம் பிரிவின்படி நீக்கிவிட்டு அதன் நகலைத் தரவும். சான்றளிக்க வேண்டிய அலுவலரின் பதவிப் பெயரைத் தெரிவிக்கவும்.' இதற்குப் பதில் வந்தது.

சில நடைமுறைக் குறிப்புகள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியை 6(1) பிரிவு அனுமதிக்கிறது. கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதிலும் திருப்தி இல்லையெனில் தொண்ணூறு நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். 24ஆம் பிரிவின் இரண்டாம் அட்டவணையில், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. போன்ற விலக்குப் பெற்ற அமைப்புகள் இருக்கின்றன. யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதை முதலில் அதில் சரிபாருங்கள். ஏலம் எடுத்தவர்களின் பெயரையோ முகவரியையோ கேட்காதீர்கள். அது உங்கள் ஆய்வுக்குத் தேவையில்லை, மறுப்பதற்கு ஒரு காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகவும் ஆகிவிடும்.

ஆறாம் படி: மலையில் களப்பணி

சமவெளியிலிருந்து சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருபவர்கள் 2024 மே 7 முதல் கட்டாயமாக்கப்பட்ட இ-பாஸை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை கடுமையானது, மண்சரிவில் சாலை அடைபடுவது ஆண்டுதோறும் நடப்பது. தை முதல் பங்குனி வரையான மாதங்களில் வாருங்கள். படைவீடுகள், தொழிற்சாலைச் சுற்றுச்சுவர், கிடங்கு வாயில் எதையும் படமெடுக்காதீர்கள், வரைபடமும் போடாதீர்கள். 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் ஆய்வாளர் என்பதற்காக எவரையும் விட்டுவைக்காது. தேநீர்க் கடையில் பணியிலிருக்கும் சிப்பாயிடம் பேச்சுக் கொடுத்துத் தகவல் வாங்குவதும் கூடாது. அவருடைய வேலைக்கு நீங்கள் உலை வைத்துவிடுவீர்கள். ஓய்வுபெற்ற எழுத்தர்களும் பண்டகக் காப்பாளர்களும் நடைமுறையைப் பற்றி, நடைமுறையை மட்டும், பேச முன்வந்தால் கேளுங்கள்.

பேச வேண்டியவர்கள் பழைய இரும்புக் கடைக்காரர்கள். ஏல லாட்டுகள் பெரும்பாலும் பர்லியார் வழியாக மேட்டுப்பாளையத்துக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிடுகின்றன என்பதையும், இங்கே தங்குவது சில்லறை மட்டுமே என்பதையும் நான் அறிந்தது அவர்களிடமிருந்துதான். போனவுடன் கேள்வித்தாளை நீட்டாதீர்கள். எடை போடும் நேரத்தில் ஓரமாக நில்லுங்கள், எது எந்தச் சாக்குக்குப் போகிறது என்று பாருங்கள். கடையின் பெயரை எங்கும் எழுதாதீர்கள். அவர் சட்டப்படி வாங்கிய பொருளைச் சட்டப்படி விற்கிறவர்.

ஒரு கருவியில் தகவல் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? உங்கள் மடிக்கணினியில் அதைச் செருகாதீர்கள். திறந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வெளிநாட்டு ஆய்வாளர்கள் செய்தார்களே என்ற வாதம் இங்குள்ள காவல் நிலையத்தில் செல்லாது. வாங்கவும் வேண்டாம், நகலெடுக்கவும் வேண்டாம். நாள், நேரம், கருவியின் வகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, உரிய இராணுவ நிலையத் தலைமையகத்துக்கும் செர்ட்-இன் அமைப்புக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் கட்டுரைக்கு அந்தச் சந்தேகமே போதுமானது.

இடையில் ஒன்று. நீங்கள் இந்தத் துறையில் தேடத் தொடங்கியதும், 'மாறுதலாகிப் போகும் இராணுவ வீரர் வண்டியைக் குறைந்த விலைக்கு விற்கிறார்' என்ற விளம்பரங்கள் உங்கள் கைப்பேசிக்கு வரத் தொடங்கும். சீருடைப் படமும் அடையாள அட்டையும் காட்டி முன்பணம் கேட்கும் பழைய மோசடி அது. இராணுவம் தன் கண்டப் பொருளைத் தனி வீரர் வழியாக விற்பதில்லை. பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஏழாம் படி: கொள்கைக் குறிப்பை எழுதுதல்

நாற்பது பக்க அறிக்கையை யாரும் படிப்பதில்லை. நான்கு பக்கம் போதும். முதல் பக்கத்தில் உங்கள் ஏல அட்டவணையின் எண்ணிக்கை, இரண்டாவதில் ஜி.எஃப்.ஆர். 10இன் நகல், மூன்றாவதில் நடந்த நிகழ்வுகளில் ஒன்றோ இரண்டோ, கடைசிப் பக்கத்தில் பரிந்துரை. பரிந்துரை 'விழிப்புணர்வு வேண்டும்' என்பதாக இருந்தால் அது குப்பைக்குப் போகும். செய்யக்கூடிய அளவில், செலவில்லாத அளவில் எழுதுங்கள். நான் எழுதிய வரி இது: 'நினைவகம் உள்ளதா, உள்ளதெனில் நீக்கப்பட்டதா, துடைக்கப்பட்டதா, அழிக்கப்பட்டதா, ஊடகத்தின் வரிசை எண், சான்றளித்த அலுவலரின் பதவியும் நாளும்' என்ற எட்டாவது கட்டம் படிவத்தில் சேர்க்கப்பட வேண்டும், அது நிரப்பப்படாத லாட்டுக்கு வாயில் அனுமதிச் சீட்டு வழங்கப்படக் கூடாது. எல்லா நினைவகங்களையும் உடைத்துவிட வேண்டும் என்று பரிந்துரைக்கும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். நல்ல முறையில் துடைத்த கணினி மலைக்கிராமப் பள்ளி ஒன்றுக்குப் பல ஆண்டுகள் பயன்படும். மறுபயன்பாட்டைத் தடுப்பது மின்னணுக் கழிவைப் பெருக்கும், செலவையும் கூட்டும். அதை முதலில் சுட்டிக்காட்டுபவர் நிதித் துறை அலுவலராகத்தான் இருப்பார்.

குறிப்பை நிதி அமைச்சகத்தின் செலவினத் துறைக்கும், பாதுகாப்பு அமைச்சகத்துக்கும், நாடாளுமன்ற நிலைக்குழுச் செயலகத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நீலகிரி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் ஒரு படி கொடுங்கள்; அங்கிருந்து எழும் ஒரு கேள்விக்கு அமைச்சகம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அஞ்சல் ரசீதுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் வைக்காமல் சமையலறை அலமாரியில் வையுங்கள். இந்த மலையின் ஈரத்தில் காகிதம் பூசணம் பிடிக்காமல் இருப்பது அடுப்புச் சூடு படும் இடத்தில் மட்டும்தான்.